பாதி மருந்து

சென்னியப்பனின் நுரையீரல் கட்டிலுக்கு வெளியே நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. செவ்வாயில் இது பெரிய சங்கதியில்லை. செம்புழுதி நெஞ்சில் ஏறிய சுரங்கக்காரர்களுக்கெல்லாம் புறநுரையீரல் மாட்டுவார்கள். ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, காற்றை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பெண்டாட்டிமார் ஊர்க்கதை பேசுவார்கள்.

சென்னியப்பனின் பெண்டாட்டி பூங்கொடி மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழுதியோடு கிருமியும் அவள் புருஷனின் நெஞ்சில் புகுந்திருந்தது. அதைக் கொல்ல ஒரே ஒரு மருந்துதான் மிச்சம்.

"வழக்கமான அளவு பத்தாதுங்க," என்றது மருந்தாளி என்ற வைத்திய இயந்திரம். குடியேறியவர்களின் பேச்சையே அதற்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "மருந்துல பாதி இந்தக் குழாய்லயே ஒட்டிக்குது. அவரு ஒடம்புக்குப் போய்ச் சேரோணும்னா ரெண்டு மடங்கு போடோணும்."

"ரெண்டு மடங்கா!" பூங்கொடி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "எலும்பும் தோலுமாக் கெடக்கற மனுசன் அத்தனை சூட்டை எப்படித் தாங்குவாரு?"

"மருந்துல சூடெல்லாம் இல்லைங்க. கொறைச்சா கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கும்."

"உனக்கென்ன தெரியும்? சொன்னதுல பாதி போடு. அப்புறம் பாத்துக்கலாம்."

குடும்பத்தார் சொல்லே கடைசிச் சொல் என்பது செவ்வாய்ச் சட்டம். பூமி ஆஸ்பத்திரிகளில் தங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபத்தில் குடியேறியவர்கள் எழுதிய சட்டம். மருந்தாளி கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பாதியைப் போட்டது.

குழாய் தன் பங்கைக் குடித்தது. மிச்சத்தைக் கிருமி ருசி பார்த்தது. நாலாம் நாள் சென்னியப்பன் போய்ச் சேர்ந்தார். குழாயைக் கழற்றிச் சோதித்தார்கள். அதில் பேருக்குக்கூட ஒரு கிருமி இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பூங்கொடி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாதி மருந்துக்கே எம்மனுசன் போயிட்டாரே! அந்த மெஷின் சொன்னாப்பல முழுசாப் போட்டிருந்தா என்ன கதி ஆயிருக்கும்!"

"நல்லவேளை, நீ தடுத்தே," என்றார்கள். மறுவாரமே குடியேற்றத்தின் சபை கூடி, இனி யாருக்கும் பாதிக்கு மேல் போடக் கூடாது என்று மருந்தாளிக்குக் கட்டளையிட்டது.

அப்போதே பூங்கொடிக்குக் காய்ச்சல். அதே கிருமி. மருந்தாளி சபையின் கட்டளைப்படி பாதி அளவு மாத்திரைதான் கொடுத்தது. அவள் அதையும் இரண்டாக உடைத்து ஒன்றை விழுங்கினாள். உடம்பு லேசானது போலிருந்தது. பூமியிலிருந்து கிளம்பும்போது சேலைகளைக்கூட எடை பார்த்துக் கழித்தவள், பழைய மாத்திரைகள் போட்ட டப்பாவை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தாள். மிச்சத் துண்டை அதில் போட்டு மூடினாள்.

"ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."