சுந்தரவல்லியின் வலப்பக்கம்

மனித உடல் பொய் சொல்லாது. நாக்கு சொல்லும், கண் சொல்லும், அரசாங்கப் புள்ளிவிவரம் வரிசையில் நின்று சொல்லும். உடல் மட்டும் ஆதிகாலம் தொட்டு உண்மையைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. டாக்டர் சத்யநாராயணன் இதை ஒரு ஓட்டல் கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறிவித்தார். நாக்கும் கண்ணும் உடம்பில்தானே சேர்த்தி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் குறிப்பெடுத்தார்கள், யூனிஸ் உட்பட. டாக்டர் தாம்பரத்தில் நடத்திவந்த பொதுச் சுகாதார ஆய்வு மையத்தில் அவள் ஒப்பந்த ஆய்வாளர். குறிப்பெடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த வாக்கியத்தின் வயிற்றில்தான் 'உடல் பேசட்டும்' என்ற ஆய்வு பிறந்தது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களை ஆளுயரப் பழுப்புக் காகிதத்தின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட வேண்டும். பிறகு அவர்கள் எழுந்து, தங்களுக்கு எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார்கள். பொட்டு டாக்டரின் யோசனை. அறிக்கையில் அதற்கு 'மண்ணின் அறிவு' என்று தனிப் பத்தியே இருந்தது. பொட்டு வைக்கும் வழக்கமே இல்லாத யூனிஸ்தான் ஊரப்பாக்கம் ஃபேன்சி ஸ்டோரில் போய் அட்டை அட்டையாக வாங்கினாள். கடைக்காரம்மா அவள் நெற்றியையும் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வலி எங்கே, ஏன், அதற்கு என்ன பெயர் என்று படம் படமாகப் பிரித்து எழுதுவது யூனிஸின் வேலை. அதற்காக எல்லாப் படங்களும் அவள் வீட்டு ஹாலுக்கு வந்திருந்தன. மாதக்கணக்கில் சுருட்டி வைத்த காகிதம். விரித்துவிட்டுக் கையை எடுத்தால் சர்ரென்று மறுபடி சுருண்டுகொள்ளும். குக்கர் மூடி, அயர்ன் பாக்ஸ் என்று மூலைக்கு ஒன்றை ஏற்றினால்தான் படியும். அந்த மழை நாள் சாயங்காலம் ஒரு படம் மட்டும், மேலே எதுவுமே வைக்காமல், தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. யாரோ அதன்மேல் படுத்திருப்பதுபோல.

அது சுந்தரவல்லியின் படம். சரியாகச் சொன்னால், சுந்தரவல்லியின் பாதிப் படம்.

படப்பையில் அவள் வீட்டுக்குப் போய் யூனிஸ் உச்சந்தலையில் ஆரம்பித்த கோடு வலது காது, தோள், விரல்கள், இடுப்பு என்று இறங்கி வலது பாதத்தைச் சுற்றி முடிந்தபோது சுந்தரவல்லி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"போதும் மேடம். எனக்கு இன்னாமோ மாதிரி கீது."

"ஒண்ணுமில்லம்மா, இன்னும் அஞ்சே நிமிஷம்."

"உனக்கு இன்னா, நீ போடுவ. ரோட்டுல அடிபட்டுச் செத்தவனச் சுத்தித்தான் போலீஸ்காரன் இப்டி கோடு போடுவான். என்னுத எடுத்துகினு போவாத மேடம். கிழிச்சிப் போட்டுடு."

"கண்டிப்பா கிழிச்சிடறேன்."

ஆய்விலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த விதியைப் பற்றி வகுப்பெடுப்பதே யூனிஸ்தான். நெஞ்சில் கைவைத்து எடுப்பாள். அன்று காகிதத்தைச் சுருட்டி ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு படம் குறைந்தால் ஆய்வு முடிந்ததாகக் கணக்கில் வராது. முடியாவிட்டால் மாதக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் போய்விடும். டாக்டர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார், அது இன்னும் மோசம். அவள் கணவன் ஃபிரெடி வேலை பார்த்த கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். இரண்டு பேரில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சுந்தரவல்லியின் கோட்டுக்குள் தன் வலப்பக்கத்தைப் பொருத்திக்கொண்டு யூனிஸ் படுத்தாள். இடப்பக்கத்துக்கு ஃபிரெடி கோடு போட்டான்.

"அசையாத யூனி. அப்புறம் இடுப்பு பெருசா வந்துடுச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது."

"சீக்கிரம் போடுங்க."

"இது தப்பில்லையா?"

"முழுசா தப்பில்ல. பாதி அவளுதுதானே."

எழுந்து, தன் பாதியில் மட்டும் கழுத்திலும் முட்டியிலும் பொட்டு ஒட்டினாள். மற்றப் பாதியில் ஒட்டக் கை வரவில்லை. அந்த அளவுக்கு அவளிடம் நேர்மை மிச்சமிருந்தது. வினையும் அதிலேயே வந்தது. படத்தைப் பார்த்த டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"யூனிஸ்! இந்தப் பாதியப் பாருங்க. ஒரு பொட்டு இல்ல. வலி இல்லைன்னா அர்த்தம்? நோ! சொல்ல மறுக்குறா. இது சைலன்ஸ். நம்ம ஸ்டடியோட இதயமே இந்த மௌனம்தான்."

மௌனத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. நிதி கொடுக்கும் நிறுவனத்தின் வெள்ளைக்கார அம்மாவுக்கு மௌனம் ரொம்பப் பிடித்துப்போய், அதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அதற்குத்தான் இன்று சாயங்காலம் வீடியோ கால்.

மழை மத்தியானத்திலிருந்து விடவில்லை. கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கின் வெளிறிய வெளிச்சத்தில் ஹாலின் மூலைகள் கரைந்துகொண்டிருக்க, மாடித் தண்ணீர் குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல இறங்க, ஈரச் சுவரின் வாடைக்கு அடியிலிருந்து அந்த வீட்டில் எப்போதும் இருந்திராத இரும்புத்தூளும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வர, யூனிஸ் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு படத்தின் மேல் குனிந்தாள்.

வலது மணிக்கட்டில் ஒரு பொட்டு இருந்தது.

எங்கிருந்தோ விழுந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்து நகத்தால் பெயர்த்தாள். புதுப் பொட்டு சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது, ஒருத்தியின் நெற்றியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல. ஓரத்தில் பவுடரும் வியர்வையும் அப்பியிருந்தன. சமையலறைக்குப் போய் அதைத் தொட்டிக் குழாயில் கழுவிவிட்டுத் திரும்பினாள். இப்போது மணிக்கட்டிலும் தோளிலும் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல். மௌனம் இருக்க வேண்டிய இடம் இது. மௌனம் என்று தலைப்பே போட்டாகிவிட்டது. பெயர்த்தாள். இடுப்பில் ஒன்று முளைத்தது. அதையும் பெயர்த்தாள். விரல் நுனியெல்லாம் பொட்டு. உதறினால் விழவில்லை. அவள் வலது தோளுக்குள் ஒரு வலி, திருகாணியைத் திருகுவதுபோல, நிதானமாக இறங்கியது.

ஃபிரெடிக்குப் போன் போட்டாள். கிண்டியில் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தான்.

"வண்டலூர்ல நிக்குது யூனி. தண்டவாளத்துல தண்ணியாம். ஒரு இஞ்ச் நகரல."

"அந்தப் படத்துல நீங்க பொட்டு ஒட்டினீங்களா?"

"நான் எதுக்குடி பொட்டு ஒட்டப் போறேன்? லூசா நீ? ஹலோ... ஹலோ..."

லைன் போய்விட்டது. ஹாலில் காகிதம் நெரியும் சத்தம் கேட்டது. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் பாய் போடும் சத்தம். அவள் திரும்பவில்லை. திரும்பாமலே சுந்தரவல்லியின் நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"மேடமா? நானே பண்ணணும்னு இருந்தேன். அத்தக் கிழிச்சிட்டியா?"

கிழிக்கலாம். இப்போதுகூட. காலுக்குக் கீழேதான் கிடந்தது. கிழித்தால் மௌனம் போகும், அத்தியாயம் போகும், வேலை போகும்.

"கிழிச்சாச்சும்மா. அன்னைக்கே."

அந்தப் பக்கமும் மழை பெய்துகொண்டிருந்தது.

"அப்ப இன்னா மேடம் இந்த பேஜாரு? அன்னிலேர்ந்து எனக்கு வலப்பக்கம் பூரா மரத்துக் கீது. சோறு அள்ள முடில, மிஷினாண்ட நிக்க முடில. சூப்பர்வைசரு, நடிக்கறியான்றான். டாக்டராண்ட போனா ஒண்ணுமில்லன்றாரு."

"நல்லா ரெஸ்ட் எடும்மா."

"படுத்தா அதுக்கும் மேல. இடப்பக்கம் யாரோ ஒட்டிகினு படுத்துகினு கீறா மேடம். பொம்பள. மூச்சு வுடறது காதாண்ட கேக்குது. தோ, இப்பக்கூட."

யூனிஸ் மூச்சை அடக்கினாள்.

"இப்ப நிறுத்திட்டா" என்றாள் சுந்தரவல்லி.

இணைப்பைத் துண்டித்தாள். துண்டித்த கையோடு போன் மறுபடி அதிர்ந்தது. டாக்டர். வீடியோ கால். குனிந்து, வலப்பாதியில் இருந்த பொட்டுகளை எல்லாம் பரபரவென்று பெயர்த்துத் தன் கழுத்தில், கையில், கிடைத்த இடத்தில் அப்பிக்கொண்டாள். போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தாள். பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

டாக்டர் கோட் போட்டிருந்தார். பக்கத்துச் சதுரத்தில் வெள்ளைக்கார அம்மா சிரித்தார்.

"யூனிஸ், தி பாடி ப்ளீஸ்" என்றார் டாக்டர், ஓட்டலில் பேசிய அதே குரலில்.

தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். காகிதம் கனத்தது. காகிதம் இவ்வளவு கனக்காது. பாதிக்கு மேல் மேலே வராமல் மறுமுனை தரையில் கிடந்தது.

"கால் பக்கம் தெரியல. கூட இருக்கிறவங்கள அந்த முனையப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"சார், இங்க யாரும்..."

காகிதம் விறைத்தது.

கால்பக்கம் தரையைவிட்டு எழுந்தது. மெதுவாக. நேராக. அவள் கைக்குச் சமமான உயரத்துக்கு.

"எக்ஸலன்ட். இன்னும் கொஞ்சம் மேல, மேடம்."

மேலே போனது.

யூனிஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தாள். அதில் அவள் முகம் இருந்த சின்னச் சதுரம். விறைத்து நிற்கும் பழுப்புக் காகிதம். அதன் மறுமுனையில் நாலு விரல். வலது கை. மணிக்கட்டு. தோள். ஒரு காது. ஒரு கண், பாதி வாய். அதோடு சரி. மற்றப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் அவள் வீட்டுச் சுவர்.

அந்த ஒற்றைக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே வாயின் பாதி அசைந்தது. கிழி, கிழி என்று.

வெள்ளைக்கார அம்மா கை தட்டினார். இருவருக்கும் நன்றி என்றார்.

"கான்ட்ராக்ட் பத்தி இனிமே கவலையே படாதீங்க யூனிஸ்" என்றார் டாக்டர். "ரின்யூவல்ல நாளைக்கே கையெழுத்துப் போடறேன். அப்படியே பிடிச்சிருங்க. அசையாதீங்க. ஒரு ஸ்க்ரீன்ஷாட்."

அவள் அசையவில்லை. மறுமுனையும் அசையவில்லை.

சுடிதார் கணுக்கால் வரை நனைந்து, நின்ற இடத்தில் மூத்திரம் குளமாகத் தேங்கியிருந்தது. போனில் அவள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது.