உள்ளே ஆள் இருக்கிறார்

பெட்டியைத் தவறவிட்டது அவன்தான்; வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. "ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போங்க" என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். எதிர்பார்த்த கனம் இல்லை. இந்த வயதிலும் கையில் வலு இருக்கிறதே என்று ஒரு நொடி பூரித்துப்போனதுதான் தப்பு. வலது முழங்கால், வழக்கம்போல, காலை வாரிவிட்டது. மேல் பெட்டி படிப்படியாக உருண்டு, கூடத்துச் சுவரில் மோதி, வாயைப் பிளந்தது.

'அப்பா – சட்டைகள்' என்று மகள் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த பெட்டி. உள்ளேயிருந்து சரிந்தவை சட்டைகள் இல்லை. கசக்கிச் சுருட்டிய பழைய செய்தித்தாள்கள். கையை விட்டுத் துழாவினான். அடிவரைக்கும் காகிதம்தான்.

"என்னங்க உடைஞ்சுது?" மாடியிலிருந்து மனைவி.

"என் மானம். வேற ஒண்ணும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அது அவனுக்குப் பழகியதுதான்.

"என் சட்டையெல்லாம் எங்க? இதுல பேப்பரா இருக்கு?"

மேலே ஏதோ நகரும் சத்தம் கேட்டது. பிறகுதான் பதில் வந்தது. "வேற பெட்டிக்கு மாத்திட்டேங்க."

"எதுக்கு?"

"எல்லாம் போட்டிருக்கேன்ல. அத அப்படியே ஒட்டி லாரில ஏத்திடுங்க."

சட்டையை மாற்றினாள், சரி. காலிப் பெட்டியில் காகிதத்தை அடைத்து, ஒட்டி, பேர் எழுதி, கடல் தாண்டி ஏன் கொண்டுபோக வேண்டும்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்பது அவனுக்கே தெரியும். கூடத்து விளக்கின் சுவிட்ச் இடப்பக்கமா வலப்பக்கமா என்று இன்றைக்கும் தடவித்தான் கண்டுபிடிப்பான்.

லிப்ட் மெக்கானிக் அவன். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. பட்டறையில் அவனுக்கு 'மேல்கீழ்' என்று பேர். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்தும் ஓரடிகூட முன்னால் போகாதவன் என்று தன்னைத் தானே கிண்டலடித்துக்கொண்டது, பேராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கட்டிடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் போன் அவனுக்குத்தான் வரும். ஞாயிறு, விடுமுறை, மகளின் பிறந்தநாள், எதுவானாலும் போவான். அவள் முதல் அடி எடுத்துவைத்ததை ஒரு லிப்ட் குழிக்குள் நின்று போனில் பார்த்தான். எல்லாம் ஊர் திரும்பும் இந்த நாளுக்காகத்தான். ஊருக்குப் போனதும் கொஞ்ச காலம் வேலையே கிடையாது. தினமும் அவளைத் தானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான். "தோழிங்க முன்னாடி மானத்த வாங்காதீங்கப்பா" என்று அவள் சீற வேண்டும். அந்தச் சீற்றத்துக்காக அவன் ஏங்கிக்கிடந்தான்.

காகிதங்களை அள்ளிப் பெட்டிக்குள் திணித்தான். மின்சாரத்தை மத்தியானமே துண்டித்துவிட்டிருந்தார்கள். வெளியே மழை கட்டி நின்ற சாயங்காலம். திரையில்லாத ஜன்னல்கள் வழியே சாம்பல் நிற வெளிச்சம் வந்து, காலியான தரையில் மெத்தை கிடந்த இடத்தையும் மேசை நின்ற இடத்தையும் வெளிறிய கட்டங்களாகக் காட்டியது. ஒட்டும் டேப்பின் வாடை. பல வருஷத் தூசியின் வாடை. இவற்றுக்கு அடியில், மிக மெலிதாக, தன்னுடைய சவரச் சோப்பின் மணம். அவன் சவரம் செய்து மூன்று நாளாயிற்று.

இரண்டாவது பெட்டியையும் சாவியால் கிழித்தான். 'அப்பா – ஷூ.' காகிதம்.

வாசலுக்குப் போனான். லாரிக்காரர் பின்கதவில் சாய்ந்து நின்றவர், அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"பின்பக்கமா வந்தீங்களா சார்? இப்பதானே மாடிக்குப் போனீங்க?"

"நானா?"

"கோட்டு போட்டுக்கிட்டு. அதுக்குள்ள கழட்டிட்டீங்களே." அவர் சிரித்தார். "அந்த லிப்ட் ஜோக்கு சார், பிரமாதம். உங்க பொண்ணு தோள்ல கை போட்டுக்கிட்டுச் சொன்னீங்களே, அது விழுந்து விழுந்து சிரிச்சுது. என் பொண்ணெல்லாம் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போயிடும்."

அவன் இந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தோளில் கை வைத்தால் மகள் நாசூக்காக நழுவிவிடுவாள். அவனும் எதையோ துடைப்பதுபோல் கையை எடுத்துக்கொள்வான்.

"ஆமா," என்றான், ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியாமலே. "நல்ல ஜோக்குதான்."

திரும்பி உள்ளே வந்தபோது வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணி மொட்டையாக நின்றது. நேற்றுதான் அங்கே தன் சிவப்பு அட்டையை மாட்டியிருந்தான். கருவிகளையெல்லாம் ஒப்படைத்தபோது, அதை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லிப்ட் குழிக்குள் இறங்குமுன், யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி, சுவிட்சில் அந்த அட்டையைச் சின்னப் பூட்டோடு மாட்ட வேண்டும். அவன் படம், கீழே, 'உள்ளே ஆள் இருக்கிறார்'. மாட்டியவன்தான் கழற்றலாம். முதலாளியே வந்தாலும் விரல் படக் கூடாது. இரவு வேலை முடித்துக் கண் செருகி உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம் என்பதால் முகத்தில் ஈயாடாது. பிணவறையிலிருந்து சுட்ட படம் என்று பட்டறை முழுக்கச் சிரிப்பார்கள்.

அட்டையைக் காணோம். பூட்டையும் காணோம்.

மாடியில் மனைவி சிரித்தாள்.

அவன் படிக்கட்டின் கீழே நின்றுவிட்டான். அந்தச் சிரிப்பு கல்யாணமான புதிதில் கேட்டது. மூச்சு வாங்கி, தலையணையில் முகம் புதைத்து அடக்கிக்கொள்ளும் சிரிப்பு. அது தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தான். மகளும் சேர்ந்து சிரித்தாள். நடுவில் ஓர் ஆண் குரல், தணிவாக, வார்த்தை பிடிபடாமல். ஆனால் அந்த இழுவை. வேடிக்கையான இடம் வருமுன் தானே சிரித்துவிடும் அந்த அவசரம்.

அது அவன் ஜோக். அவன் குரல்.

பிறகு நடை. ஒரு கால் அழுத்தமாக. ஒரு கால் இழுத்து. ஒரு கால் அழுத்தமாக. ஒரு கால் இழுத்து.

அப்படி இழுத்து நடக்கவைக்கும் தன் முழங்காலைப் பார்த்தான். அசையாமல் நின்றிருந்தது.

"யாரு மேல?"

சிரிப்பு நின்றது. வானொலியை அணைத்ததுபோல.

"யாரும் இல்லீங்க. போன்ல பேசிட்டிருந்தோம்."

"நான் மேல வரேன்."

"வேணாம்!" அவசரமாக. பிறகு மெதுவாக, கொஞ்சலாக. "என்னங்க... படிக்கு அடியில இருக்கற அறைய ஒரு தடவை பாத்துடுங்களேன். எதாவது விட்டுப்போயிருக்கும். கதவு திறந்துதான் இருக்கு."

அந்த அறையின் சாவி எப்போதும் அவளிடம்தான். ஈரம், எலி என்பாள். அவன் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. மரச்சட்டங்களை அடுக்கிச் செய்த கதவு. இடுக்கு வழியாகக் காற்று மட்டும் போய்வரும். இப்போது அது ஒரு சாண் திறந்திருந்தது. சவரச் சோப்பின் மணம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

குனிந்து உள்ளே போனான். போன் வெளிச்சத்தைச் சுற்றினான்.

அவன் சட்டைகள். ஒரு கம்பியில், வரிசையாக, தேய்த்து. கீழே அவன் ஷூக்கள், ஒரு ஜோடியை மட்டும் காணோம். தரையில் பாய். தலை அழுத்திய பள்ளம் மாறாத தலையணை. தொட்டான்.

சூடு.

நிமிர்ந்தபோது சாய்ந்த கூரையில் தலை இடித்தது. கூரை முழுக்கப் படங்கள். மகள் சின்னவளாக இருந்தபோது வரைந்தவை. எல்லாவற்றிலும் ஒரு வீடு. வீட்டுக்குள் கைகோத்து மூன்று பேர்: அம்மா, நான், அப்பா. வீட்டுக்கு வெளியே, சுவர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம், பையைத் தூக்கிக்கொண்டு ஒரு குச்சி மனிதன். பையிலிருந்து ஸ்பேனர் எட்டிப்பார்த்தது. அவனுக்கு மேலே கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்.

லிப்ட் மாமா.

கதவு சாத்தப்பட்டது. தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று சாத்துவதுபோல. பிறகு தாழ்.

"ஏய்! யாரது? விளையாடாதீங்க." தோளால் மோதினான். கதவு அசையவில்லை. "எனக்குத் திறக்கத் தெரியாத கதவா? பத்து மாடிக்கு நடுவுல நின்னு திறந்தவன்டா நான்." அந்தக் கதவுகளையெல்லாம் வெளியிலிருந்துதான் திறந்திருக்கிறான்.

இடுக்கில் கண்ணை வைத்தான். மனைவியின் செருப்பு. நின்றது. பெருவிரல் செருப்பைக் கீறியது, அழுகையை அடக்கும்போது செய்வதுபோல. "வாங்க," என்றாள். "நேரமாச்சு." அவனிடம் சொல்லவில்லை. பக்கத்தில் அவனுடைய ஷூக்கள் இருந்தன. அவற்றுக்குள் கால்கள்.

நடந்து போனார்கள். மகள் மட்டும் நின்றாள்.

"கண்ணு. அப்பாடா. தாழ்ப்பாளத் திற."

"அம்மாகிட்ட கேட்டா மழுப்பறா. நீயாவது சொல்லு. வெளில இருக்கறது யாரு?"

"அப்பா."

"அப்ப நான் யாரும்மா?"

அவள் மண்டியிட்டாள். இடுக்கில் அவள் கண்கள் தெரிந்தன. நேராகப் பார்த்தன. இத்தனை பக்கத்தில் அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

"நீங்க வேலைக்குப் போனவர்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க கிளம்பினதும் அப்பா வெளில வருவார். எனக்கு ஜுரம் அடிச்சப்ப கூட உக்காந்திருந்தது அவர். சைக்கிள் கத்துக்குடுத்தது அவர். ஊருக்கு ஒருத்தரத்தான் கூட்டிட்டுப் போக முடியும்னு அம்மா சொன்னாங்க. எந்த அப்பா வேணும்னு என்னக் கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

எழுந்து போய்விட்டாள்.

ஒரு கால் அழுத்தமாக. ஒரு கால் இழுத்து.

கை ஒன்று வந்தது. கட்டைவிரலில் தழும்பு, அவன் விரலை லிப்டின் இரும்புக் கயிறு அறுத்த அதே இடத்தில். தாழ்ப்பாளில் எதையோ கோத்தது. சின்னப் பூட்டு சொடுக்கியது. நடை விலகியது. வாசற்கதவு. லாரியின் இஞ்சின்.

இடுக்குக்கு நேரே சிவப்பு அட்டை ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் குறைந்து, நின்று, முகம் உள்பக்கமாகத் திரும்பியது. போன் வெளிச்சத்தை உயர்த்தினான்.

படத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.