பீங்கான் கிண்ணத்துப் பல் செட்

"இன்னைக்கும் அப்படியேதான் வச்சிருக்காங்க உங்க அக்கா, பாருங்க!"

தட்டைத் தூக்கிக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் அவள். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி. ஓரத்தில் ஒரு விள்ளல் மட்டும் குறைந்திருந்தது. அந்த விள்ளலும் கைக்குட்டைக்குள் சுருண்டு மேசையில் கிடந்தது.

"இருபத்தாறு வருஷமா உப்பில்ல, உறைப்பில்லன்னு குத்தம் சொன்னாங்க. சரி, பெரியவங்கன்னு கேட்டுக்கிட்டேன். இப்ப ரெண்டு மாசமா அந்தப் பேச்சும் இல்ல. துப்பி வச்சுட்டு எழுந்து போறாங்க... நான் என்ன விஷத்தையா வச்சேன்?"

"காலங்கார்த்தால ஆரம்பிக்காதே. அதான் சின்னத் தம்பி வீட்டுக்குப் போறேன்னு அக்காவே சொல்லிட்டாளே. ரெண்டு மணி பஸ்ல ஏத்தி விடத்தான் லீவு போட்டுட்டு நிக்கறேன். அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன... அவளுக்கும் தெரியவில்லை. நாத்தனார் போகிறார் என்றதும் நேற்று மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்தாலே இப்போது கூசியது.

முன்னறையில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார் நாத்தனார். காலடியில் பை. வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். இரண்டு தம்பிகளைப் படிக்க வைக்கத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, கடைசியில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் போனவர்.

அவருடைய மருந்துகளை எடுத்து வைக்கக் குளியலறைக்குப் போனாள். மாடத்தில் பீங்கான் கிண்ணம். தண்ணீருக்குள் பல் செட்.

மேல் வரிசையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். உள்பக்கம், ஈறு படும் இடத்தில், மெல்லிய பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சில் பழுப்பேறிய சிவப்பு.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சைப் பார்க்கிறவள். அது என்ன கறை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பல் செட்டை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்," என்று வாசலைத் தாண்டினாள்.

*

பல் செட் செய்பவரின் புருவத்திலெல்லாம் அச்சு வார்க்கும் சுண்ணப் பொடி அப்பியிருந்தது. அலமாரியிலிருந்து நாத்தனாரின் வாய் அச்சைத் தேடி எடுத்தார். அதன்மேல் செட்டைப் பொருத்தி ஒரு பக்கம் விரலால் அழுத்தினார். மறுபக்கம் தூக்கிக்கொண்டது. 'டக்' என்றது. விரலை மாற்றினார். மறுபடியும் 'டக்'.

"கொதிக்கிற தண்ணியில போட்டா இப்படித்தாம்மா வளைஞ்சுடும். கண்ணுக்குத் தெரியாது. ஈறுக்குத்தான் தெரியும்."

அவளுடைய கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'வெந்நீரம்மா' என்று பெயர். கத்தரிக்கோல், இடுக்கி, கிண்ணம், எல்லாவற்றையும் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. கொதித்தால்தான் அவளுக்குச் சுத்தம். இரண்டு மாதம் முன்பு நாத்தனார் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, "பல்லை நான் பார்த்துக்கறேன் அண்ணி," என்று வாங்கியவள், வீட்டுப் பாத்திரத்திலும் அப்படியே தளதளவென்று கொதிக்க விட்டாள். இடுக்கியால் எடுத்து ஆற வைத்து, "பளபளன்னு ஆக்கிட்டேன், பாருங்க!" என்று பெருமையோடு நீட்டினாள்.

நாத்தனார் அதை வாயில் பொருத்தினார். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

அந்த ஒரு கணம் ஏன் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது?

"அந்தம்மா அப்பவே வந்தாங்களே," என்றார் பல் செட் செய்பவர். "யாரு வெந்நீர்ல போட்டதுன்னு கேட்டேன். 'நான்தான் புத்தியில்லாம போட்டுட்டேன்'னாங்க. புதுசா செய்யணும், நாலஞ்சு தடவை வரணும், வீட்டுல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்கன்னேன். சரின்னுட்டுப் போனவங்க வரவே இல்ல."

"நான்தான்னு... அவங்களா சொன்னாங்க?"

"ஆமா. ஏம்மா?"

அவள் வேலைக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். போன வாரம் வேண்டுமென்றே ரொட்டியைக் கருகச் சுட்டு வைத்திருந்தாள். 'இதுக்காவது வாயைத் திறக்கட்டும், பார்ப்போம்' என்ற வீம்பு. நாத்தனார் அதைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, பாதி வரை தின்றுவிட்டு எழுந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாவி... பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!

*

"அக்காவோட பல்லைக் காணோம்! நீ எடுத்தியா?" வாசலிலேயே கேட்டார் கணவர்.

பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் பிரித்தாள்.

"நான்தான் எடுத்தேன். கெடுத்ததும் நான்தான். காய்ச்சல்ல கிடந்தப்போ கொதிக்கிற தண்ணியில போட்டேன். வளைஞ்சு போச்சு. ரெண்டு மாசமா ரத்தம் கசிய இதைத்தான் மாட்டிக்கிட்டு நம்ம கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க..."

"நீ சும்மா இரு!" நாத்தனார் பதறி எழுந்தார். பல்லில்லாத வாயில் சொற்கள் குழைந்தன. "தம்பி, அவ சொல்றதைக் கேக்காதே. நான்தான்டா போட்டேன்..."

கணவரின் முகம் சிவந்தது. "இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில குப்பை கொட்டினவளுக்கு இதுகூடவா தெரியாது? அக்கா வாயைப் புண்ணாக்கி, அவளையே குத்தம் வேற சொல்லி..."

"குரலைத் தாழ்த்துடா!"

நாத்தனார் அவரிடம் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இதுக்குத்தான்... இதுக்குப் பயந்துதான் சொல்லல. கல்யாணமான புதுசுல ஒருநாள், சாப்பாட்டுல உப்பில்லன்னு உங்கிட்ட சொன்னேன். நீ தட்டைத் தூக்கி வீசினே. ஞாபகம் இருக்கா? இவ சின்னப் பொண்ணு. எதுவும் பேசாம தரையைத் துடைச்சா. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனிமே குத்தம்னா அவகிட்டயே சொல்லணும், உங்கிட்ட மட்டும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு."

கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி..."

"எப்படிச் சொல்றது? நாலு நாளும் என் எச்சில் பல்லை முகம் சுளிக்காம எடுத்து வச்சே. பெத்த பொண்ணு இருந்தாலும் செய்வாளோ என்னவோ. அதுல போய் ஒரு குத்தமா? பழகிடும்னு நினைச்சேன்... பழகல. நீ வேற தட்டைப் பார்த்துப் பார்த்து அழறே. புண் வாய்க்கு ருசியே தெரியலடி, நான் என்னன்னு சொல்றது? கண்ணுல படாம போயிடலாம்னுதான்..."

அவள் அவருடைய காலடியில் சரிந்தாள். "கருகின ரொட்டியை வேணும்னேதான் வச்சேன் அண்ணி... தெரிஞ்சேதான் வச்சேன்!"

"தெரியும்," என்றார் நாத்தனார். "நீ ரொட்டியைக் கருக விடற ஆளா?"

அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தத் தளர்ந்த தோளில் முகம் புதைத்து அவள் அழுதாள். பின்னால், கணவர் ஓசையில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. பஸ் நேரத்தை யாரும் நினைவுபடுத்தவுமில்லை.

மத்தியானம், காய்கறிகளைக் குழைய வேகவைத்து மசித்து, வெதுவெதுப்பாக ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். "நாளைக்குப் புதுப் பல்லுக்கு அளவு கொடுக்கப் போறோம். நான் கூட வர்றேன்," என்றாள்.

நாத்தனார் ஒரு வாய் எடுத்தார். ஈறுகளுக்கிடையே மெதுவாக அசைபோட்டு விழுங்கினார். புருவம் சுருங்கியது.

"உப்பே போடலையா?"

"புண்ணுல பட்டா எரியும்னு..."

"எரிஞ்சா எரியட்டும். எடுத்துட்டு வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்தாள் அவள். இரண்டே கல் உப்பை மட்டும் நுணுக்கிக் கொண்டு வந்தாள்.