ரெமி, வா, போகலாம்

அன்று மதியம் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்: வழிகாட்டி ரோமுலோ, சாயம் போன பச்சைத் தொப்பியோடு. சேபுவிலிருந்து வந்த வயதான தம்பதி, கணவர் கையில் கேமரா, மனைவி கையில் விசிறி. கறுப்புச் சட்டையில் டெல்மா. கூயோ தீவிலிருந்து காலைக் கப்பலில் வந்து இறங்கிய நெரிஸா.

அவ்வளவு பேர்தான். கோழிக்குஞ்சு யாரிடமும் இல்லை.

நெரிஸாவுக்கு இலோய்லோ நகரம் புதிது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இரவெல்லாம் போனில் அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கும் வேலை. அதை வாங்கிக் கொடுத்தவள் டெல்மா. தங்க இடம் தருபவளும் அவள்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவளை விட்டால் நெரிஸாவுக்கு இந்த நகரத்தில் வேறு நாதி இல்லை.

துறைமுகத்திலேயே அவளுடைய பெட்டியை வாங்கி அறைக்கு அனுப்பிவிட்டு, "முத நாளுடி. ராணி மாதிரி ஊரச் சுத்திப் பாரு. என் மாமாதான் வழிகாட்டி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள் டெல்மா.

மோலோ தேவாலயத்தில் தொடங்கினார்கள்.

"இங்க தூணுல நிக்கிறதெல்லாம் பொம்பளப் புனிதர்கள். ஆம்பளைங்க வாயத் திறக்காம கும்பிட்டுட்டு வாங்க" என்றார் ரோமுலோ.

"வீட்லயும் அப்படித்தானே" என்றார் சேபுக்காரர். மனைவி விசிறியால் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளே குளுமையாக இருந்தது. மெழுகு உருகும் வாசனை. கூடவே இன்னொன்று, வாடிய பூவும் ஆறிப்போன காபியும் கலந்த மாதிரி. அது பீடத்திலிருந்து வரவில்லை. டெல்மாவின் சட்டையிலிருந்து வந்தது.

கிளம்பும்போது ரோமுலோ வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். நெரிஸாவின் தீவிலும் அது உண்டு. புது இடத்தை விட்டுப் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு வீடு போய்ச் சேரும், உயிர் அங்கேயே உட்கார்ந்துவிடும். சேபுக்காரர்களை அழைத்தார். "நெரிஸா, வா, போகலாம்" என்றார். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே இன்னொரு பெயர். டெல்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்து நெரிஸா நடந்தாள்.

தெருவில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பழைய மாளிகை ஒன்றின் மதிலோரம் போகும்போது சேபுக்காரரின் மனைவி நெரிஸா பக்கம் சாய்ந்தாள்.

"இண்டாய், பொண்ணே, பையில கோழிக்குஞ்சு வச்சிருக்கியா?"

"நானா? இல்லையே, நானாய்," என்றாள் நெரிஸா, அம்மா வயதுக்காரியை அழைக்கும் முறையில்.

"கீச்சு கீச்சுன்னு கத்துதே. பாவம், பசி போல."

"உனக்குப் பசிச்சா நேராச் சொல்லு. குஞ்சு மேல எதுக்குப் போடற?" என்றார் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மா சிரிக்கவில்லை.

சந்தைக்குள் ஒரு நூடுல்ஸ் கடை. எலும்புச் சாறின் ஆவி முகத்தில் அடித்தது. கிண்ணங்கள் வருவதற்குள் டெல்மா சட்டைப் பையிலிருந்து வறுத்த தர்ப்பூசணி விதைகளை அள்ளி நெரிஸாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "கொறி. உனக்குன்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

சேபுக்காரியின் விசிறி நின்றது.

"சாவு வீட்ல கொறிக்க வைக்கிற விதையாச்சே. இது எந்தச் சாவு வீட்டு மேசையில இருந்தது?"

"கடையில வாங்கினது, நானாய்."

அப்போது மேசைக்கு அடியில் கேட்டது. இந்த முறை நெரிஸாவுக்கும் கேட்டது.

கீச்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய கால்கள். ஈரத் தரை. வேறெதுவும் இல்லை.

"சவப்பெட்டி மேல குஞ்சு விட்டிருந்தாங்களா?" என்று கிழவி மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் வந்த கிண்ணத்தில் டெல்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கொலையானவர்களின் சவப்பெட்டி மேல்தான் குஞ்சை விடுவார்கள், கொன்றவனின் நெஞ்சைக் கொத்தட்டும் என்று.

கிழவி கணவரின் கையைப் பிடித்து எழுப்பினாள். "இண்டாய், இவகூட எந்த வாசப்படியும் ஏறாத."

நெரிஸாவும் எழுந்தாள். கிழவி உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள்.

"எங்க பின்னால வந்துடாத."

அவர்கள் கூட்டத்தில் மறைந்தார்கள்.

"யாருடி செத்தது?"

"ரெமி. என் அறையில இருந்தவ. மாடிப்படியில விழுந்துட்டா."

"விழுந்தவளுக்கு எதுக்குக் குஞ்சு?"

"அவங்க அம்மாவுக்குக் கிறுக்கு."

"நீ அங்கேருந்து நேரா வந்தியா?"

"பின்ன? சாவு வீட்லேருந்து நேரா வீட்டுக்குப் போக முடியுமா? நாலு எடம் நின்னு உதறிட்டுத்தானே போகணும். ஒனக்கும் ஊரக் காட்டின மாதிரி ஆச்சு. தின்னு, ஆறிடும்."

அதில் தவறு சொல்ல முடியாது. எல்லோரும் செய்வதுதான். செத்தவர் பின்னாலேயே வீடு வந்துவிடாமலிருக்க வழியில் எங்காவது தங்கிவிட்டுப் போவார்கள். நெரிஸா நூடுல்ஸை வாயில் வைத்தாள். மெழுகு ருசித்தது.

கடைசியாக ஆற்றங்கரை. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ரோமுலோ கதை எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது கூப்பிட்டார். கூட்டம் இல்லாததால் குரல் தெளிவாக விழுந்தது.

"நெரிஸா, வா, போகலாம்."

"ரெமி, வா. நெரிஸாகூடப் போ."

டெல்மாவின் பெயரை அவர் சொல்லவில்லை. அப்போதுதான் நெரிஸாவுக்கு உறைத்தது. மதியத்திலிருந்து ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

இடத்துக்கு இடம் உதறியும் போகாத ஒன்றை, இன்னொரு ஆளுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

"மனோங்," என்றாள். "ஏன் அண்ணே?"

ரோமுலோ தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். "அவ என் அக்கா பொண்ணு. நீ எனக்கு யாரு?"

அவர் ஆற்றோரமாகவே நடந்து போய்விட்டார்.

"என் பெட்டியக் குடு, டெல்மா. ராத்திரிக் கப்பல்லயே போயிடறேன்."

"தாராளமா. வந்து எடுத்துக்க."

பெட்டியில்தான் எல்லாம் இருந்தது. துணி, அடையாள அட்டை, அம்மா கொடுத்தனுப்பிய பணம்.

டெல்மா தங்கியிருந்த விடுதி மூன்று மாடி. விளக்கு போடும் நேரமாகியும் மாடிப்படியில் யாரும் போடவில்லை. நெரிஸா ஏறினாள். டெல்மா கீழேயே தயங்கி, நாலைந்து படி விட்டுத்தான் ஏறினாள். ஆனாலும் நெரிஸாவின் முதுகுக்குப் பின்னால், ஒரே படி தள்ளி, வெறுங்கால் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வளைவில் கைப்பிடிக் கம்பி ஒடிந்திருந்தது. அங்கே அந்தக் கால் நின்றது. பிறகு மறுபடி ஏறியது.

அறைக் கதவு திறந்திருந்தது. வாசற்படியிலிருந்து கை நீட்டினால் எட்டும் என்று நம்பியிருந்தாள். பெட்டி கடைசிக் கட்டிலின் மேல் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ரெமியின் பெயர் போட்ட அலுவலக அட்டை, கழுத்துப் பட்டையோடு தொங்கியது. திங்கட்கிழமை தான் உட்காரப்போகும் நாற்காலி யாருடையது என்று நெரிஸாவுக்கு அப்போது தெரிந்தது.

"நீயே எடுத்துக் குடுடி. ஒரே பெஞ்சுல உக்காந்தோமே."

"என்னால உள்ள வர முடியாதுடி. நாலு நாளாத் தூங்கல."

"அவள யாரு தள்ளினது?"

டெல்மா மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நெரிஸா ஓடினாள். பெட்டியின் பிடி கைக்கு வந்த நொடியில் கதவு அறைந்து மூடியது. வெளியே டெல்மாவின் செருப்பு தடதடவென்று படியிறங்கி ஓடியது. சாவி போடும் சத்தம் இல்லை. பூட்டக்கூட நிற்காமல் ஓடிவிட்டாள்.

நெரிஸா பெட்டியோடு பாய்ந்து கதவைப் பிடித்து இழுத்தாள். திறந்தது. ஒரு கையகலம். தெருவிளக்கின் வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது.

அவள் தோளுக்கு மேலாக, மெழுகு வாசனை முன்னால் சாய்ந்தது.

கதவு பொறுமையாகத் திரும்பிப் போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது.

இரவு வேலை முடிந்து வந்து தினமும் போட்டுப் பழகிய கை போடுவதுபோல, உள்தாழ்ப்பாள் ஒருமுறை மேலே தூக்கப்பட்டு, நகர்ந்து, விழுந்தது.