மூன்றாவது எதிரொலி

ஒரு தடவை மட்டும் திரும்பவேண்டிய சத்தம் அன்று மூன்று தடவை திரும்பியது.

ஹுஸ்னியா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கல்முனைக்குடி ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை, தூரத்துப் பள்ளியிலிருந்து குத்பாப் பிரசங்கக் குரல் மட்டும் தேய்ந்து வந்தது, அடுப்படியில் கருவாட்டு மணம் கெட்டியாகத் தங்கியிருந்தது. படகு ஓடாத இந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அளவு சரியாக வரும். கடலடியில் கிடக்கும் கருவி மேல்நோக்கிச் சத்தம் விடும். தண்ணீர் சுத்தமென்றால் எதிரொலி ஒன்று. மேலே எண்ணெய் மிதந்தால் இரண்டு. மூன்று வர வழியே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் இரண்டு வந்தது. அவள் புருஷன் ஜவுபர் அதைக் கடல் அலுவலக அறிக்கையில் எழுத விடவில்லை.

"எண்ணெய் எண்டு எழுதினா கடல மூடிருவானுகள் புள்ள. பொறகு என்னத்தத் தின்னுற?"

'சுத்தம்' என்று எழுதினாள். மறுநாள் நடுக்கடலில் அவன் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினான். கடலே பற்றியது. அடக்கம் செய்ய மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. இத்தாவில் இருக்கும் விதவை வாசல் தாண்டக்கூடாதே என்று அலுவலகம் கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பிவைத்தது. என்னவொரு இரக்கம்!

மூன்றாவது எதிரொலி நடுநீரிலிருந்து வந்தது. கருவிக்கு எட்டு மீற்றர் மேலே. அடுத்த தடவை ஐந்து. பிறகு இரண்டு.

கருவி சத்தம் விடுவதை நிறுத்தினாள்.

டொக். டொக். டொக்டொக்.

வலைக்குள் மீனைக் கலைக்க ஜவுபர் படகு விளிம்பில் தட்டும் தட்டு அது. அவளுக்குத் தெரியாதா?

அறிக்கையில் எழுதினாள்: 'எண்ணெய் இருக்கிறது. மூன்று வாரமாக இருக்கிறது.' அனுப்பினாள்.

"போதுமா? அல்லாஹ்வே... போதுமா ஜவுபர்?"

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

தட்டு நிற்கவில்லை. இப்போது வாசல் கதவில்.

"ஆரது?" தன் மகன் ஜவுபர் மவுத்தான நாளிலிருந்து அவளோடு இருக்கும் மாமி லைலா முன்னுக்குப் போனார்.

"மாமி, தொறக்காதீங்க!"

தாழ்ப்பாள் விலகியது. எண்ணெய் மணம் மூக்கை அடைத்தது.

மாமி திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டு. யாரையோ கட்டிப்பிடித்ததுபோல் நெஞ்சும் கைகளும் கறுத்துச் சொட்டின. அவருக்குப் பின்னால் வாசலிலிருந்து எண்ணெய் நிலமெல்லாம் கறுப்பாக ஊர்ந்து வந்து, ஹுஸ்னியாவின் பாதத்தைத் தொட்டது. சூடாக இருந்தது.

"ஜவுபர் வந்திரிக்கான் புள்ள. தேத்தண்ணி வேணுமாம்."

மாமி நெருப்புப்பெட்டியை நீட்டினார்.

"அடுப்ப நீதான் மூட்டணுமாம்."