இன்னும் பதினோரு நாள்

காலை 10.05. இன்சூரன்ஸ் ஏஜென்ட் க்வென் ஹ்ருஸ்கா தன் ஆபீஸ் மேஜையில் கவிழ்ந்து கிடந்தாள். காகிதத்தில் ஓட்டை போடும் இரும்பு மெஷினால் ஏழு அடி. மண்டை பிளந்து, ரத்தம் காலண்டர் வரை தெறித்திருந்தது. முதலில் பார்த்த தபால்காரர் வெளியே ஓடிப் பனியில் வாந்தி எடுத்தார்.

போலீஸ் டெபுடி லோர்னா பெக்கெலுக்கு வந்தது கோபம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள்.

9.12-க்கு ஒரு ஃபேக்ஸ் வந்திருந்தது: லாரி டிரைவர் மெர்ல் ஸ்டானெக், பக்கத்து மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டிய பழைய வழக்கு ஒன்றை மறைத்து பாலிசி வாங்கியிருக்கிறான். பக்கத்தில் க்வென் நிரப்பிய ரத்துப் படிவம், இன்னும் அனுப்பப்படவில்லை. காலை முழுக்க அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

குடித்து ஓட்டிப் பிடிபட்டவனுக்கு, எங்கள் பக்கம், இன்சூரன்ஸ் கம்பெனியே மாநிலத்துக்குச் சான்று தரவேண்டும். அதற்குப் பெயர் எஸ்.ஆர்-22. பாலிசி ரத்தாகி, மூன்று வருடத்தில் ஒரு நாள் சான்று விட்டுப்போனாலும் லைசென்ஸ் போய்விடும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இங்கே பிடிபட்ட ஒரு வழக்குக்காக மெர்லும் அந்தக் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மதியம் 2.00. போன வாரமே பாலிசி ரத்தான ரஸ்டி கோலர், மனைவி ஓட்டிவந்த காரில் ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கினான். கையில் கட்டு.

"நேத்து க்வென்கிட்ட கத்தினேன், ஆமா. கையா? கொட்டகைக் கதவு நசுக்கிடுச்சு. என் பொண்டாட்டியைக் கேளுங்க."

2.20. மெர்ல் முழங்கால்வரை பனி ஒட்ட, நடந்தே வந்தான்.

"க்வென் ஆபீஸுக்குப் போனியா மெர்ல்?"

"போன மாசம் போனதுதான். அப்புறம் அவளைப் பாக்கவும் இல்ல, பேசவும் இல்ல."

"வண்டி எங்க?"

"வீட்ல. லைசென்ஸ் போன ஆளு போலீஸ் ஸ்டேஷனுக்கே ஓட்டிட்டு வருவானா? நீங்களே உள்ள தூக்கிப் போட்டுட மாட்டீங்க?" என்று சிரித்தான்.

லோர்னா கைவிலங்கை மேஜைமேல் வைத்தாள்.

"ரஸ்டிக்கு லைசென்ஸ் போச்சு, பொண்டாட்டி கொண்டுவந்து விட்டா. உனக்கு எங்க போச்சு? இப்பதான் கம்ப்யூட்டர்ல பாத்தேன், அப்படியே இருக்கு. ரத்துப் படிவம் அவ மேஜையை விட்டே போகல. அது இருக்குறது, 9.12-க்கு மேல அந்த மேஜை முன்னால நின்னவனுக்கு மட்டும்தான் தெரியும்."

மெர்லின் சிரிப்பு நின்றது. "இன்னும் பதினோரு நாள்தான் லோர்னா! மூணு வருஷம் ஒரு சொட்டு குடிக்காம ஓட்டினேன். அவ அந்தப் பேப்பரை..."

"முழுசாப் படிச்சியா?"

ரத்தம் காய்ந்த படிவத்தை அவன் முன் தள்ளினாள். அடி ஓரத்தில் க்வென் பென்சிலில் கிறுக்கியிருந்தாள்: மெர்லுக்கு இன்னும் பதினோரு நாள். அது முடிந்தபின் அனுப்பவும்.

"அவ சொல்லவே இல்லியே..."

"சொல்ல விட்டியா நீ?"