மக்கள் இதையும் கேட்கிறார்கள்

போனின் தேடல் கட்டத்தில் தன் பெயரின் முதல் மூன்று எழுத்தைத்தான் அவள் தட்டியிருந்தாள். மிச்சத்தை அது தானாகவே எழுதிக்கொண்டது. பெயர் முழுதாக வந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னும் இரண்டு சொல் வந்து நின்றன: எப்படி இறந்தார்.

காலை ஒன்பதரை மணி. மருந்துக்கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தாள். இரவெல்லாம் உள்ளே அடைபட்டுக் கிடந்த அட்டைப்பெட்டி வாசனையும், இருமல் சிரப்பின் தித்திப்பு நெடியும், ஸ்பிரிட்டும் ஒன்றாகக் கலந்து வாசல் பக்கம் மெதுவாக நகர்ந்து போக, முதுகுக்குப் பின்னால் ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி மட்டும் விட்டு விட்டு உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. செத்தது தெரியாமலா கடையைத் திறந்தோம் என்று நினைத்துக்கொண்டு தம்பிக்கு போன் போட்டாள்.

வார்டு தேர்தலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தெருவில் ஒரு வருடமாகச் சாக்கடை மூடியில்லாமல் கிடந்து, ஒரு குழந்தை விழுந்து கால் முறிந்த பிறகு, கவுன்சிலரிடம் நடந்து நடந்து அலுத்துப்போய், நானே நிற்கிறேன் என்று சுயேச்சையாக மனு போட்டவள் அவள். வெப்சைட் செய்து பிழைக்கும் தம்பிதான் பிரசாரத்துக்குப் பொறுப்பு. அக்கா பெயரைத் தேடினாலும் கவுன்சிலர் முகமே முதலில் வருவதைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது. சொந்தக்காரர்கள், தெருப் பெண்கள், கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு குழுவில் சேர்த்தான். தினம் காலையிலும் மாலையிலும் எல்லோரும் அக்கா பெயரைத் தேட வேண்டும், வருவதை அழுத்த வேண்டும், அப்போதுதான் பெயர் மேலே ஏறும் என்று சொல்லிவைத்தான். அவர்களும் பல் தேய்ப்பதைப் போல அதைத் தவறாமல் செய்துவந்தார்கள்.

"யாரோ ஒருத்தன் விளையாட்டுக்கு அடிச்சிருப்பான்க்கா," என்றான் தம்பி. "அதப் பாத்துட்டு நம்ம ஆளுங்க பதறிப்போய் அழுத்தியிருப்பாங்க. நாம எத அழுத்தறோமோ அதத்தான் அது கத்துக்கும். நான் சொல்லிடறேன், விடு."

சொன்னான். அந்தத் திரையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, யாரும் இதைத் தொடாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். மதியத்துக்குள் மூன்று எழுத்து தேவைப்படவில்லை. ஒரே எழுத்து போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். எட்டு வருடமாக மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். படியேறாமல் வாசலிலேயே நின்று போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"நீங்க அவங்க தங்கச்சியாம்மா?"

"நான்தான் சார் அவ. என்ன சார், என்னத் தெரியலையா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். அவளுடைய போஸ்டர் படம்தான். கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, இந்த வருடம். அவர் மாத்திரை அட்டையை வாங்கி, எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியமாக, காலாவதித் தேதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். பிறகு, "செத்தவங்க பேர்ல ஓட்டு கேக்கறீங்களே, வெக்கமா இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வேறு எங்காவது தேடிப் பார்க்கலாம் என்றால் வேறு இடமே கிடையாது. ஒரு காலத்தில் நாலைந்து தேடல் தளங்கள் இருந்தன. எல்லாம் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. இப்போது யாரும் அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை, தேடிப் பார் என்றால் அதுதான். தவறான தகவலைத் தெரிவிக்க என்று ஒரு படிவம் இருந்தது. அதில் அவள் பெயர், முகவரி, கடை உரிமம், நான் உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரு வரி, எல்லாம் எழுதி அனுப்பினாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி. இந்தத் தகவல் சரிபார்க்கப்பட்டது.

தேர்தல் அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள். எழுத்தர் நல்ல மனுஷர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவள் பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினார். பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நான்தான் முன்னாடி உக்காந்திருக்கேனே சார்."

"அது சரிம்மா. இதுல வேற மாதிரி காட்டுதே."

"அது தப்பு சார்."

"இருக்கலாம். நீங்க ஒண்ணு செய்யுங்க. அங்க சரி பண்ணிட்டு இங்க வாங்க. அதுவரைக்கும் உங்க பேர நிறுத்தி வெக்கறேன்."

வெளியே வந்து வீட்டுக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டாள்.

அன்று மாலை அவள் மறுபடியும் தேடினாள். தேடத் தேடத்தான் அது வளர்கிறது என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். ஆனாலும் கை கேட்கவில்லை. பிறந்த வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் கீழே புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. மக்கள் இதையும் கேட்கிறார்கள் என்று அதற்குத் தலைப்பு. கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டால் பதில் விரிந்தது.

எங்கே இறந்தார்? கடைக்கு மேலுள்ள வீட்டின் படிக்கட்டில்.

எந்தக் கிழமை? வியாழக்கிழமை.

எத்தனை மணிக்கு? அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வட்டம் நின்றது. மாலை நாலு இருபது.

அவர்கள் வீட்டுக்குப் படி வெளிப்பக்கம். தெருவிலிருந்து நேரே மேலே ஏறும் இரும்புப் படி. இருபத்திரண்டு. யாராவது கால் வைத்தால் முதல் படியிலிருந்தே சுவர் வழியாகச் சத்தம் வந்து சமையலறைப் பாத்திரம் வரைக்கும் லேசாக அதிரும். பதினொரு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கணவர் வந்துவிட்டார் என்று அடுப்பைப் பற்றவைப்பாள். அன்று அவர் ஏறி வந்த சத்தத்துக்கு அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மழை வருமா என்று ஜன்னலைத் திறந்து பார்க்காமல் போனைத் திறந்து பார்க்கிறவர். முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்பதையும் அதனிடம்தான் கேட்பார். அவள் காட்டிய திரையை வெகுநேரம் படித்தார். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"இது தப்பா சொல்லி நான் பாத்ததில்ல," என்றார்.

"என்னங்க பேசறீங்க? நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைதானே," என்றார் அவர், வகுப்புப் பையனுக்குக் கணக்கைத் திருத்திக் கொடுக்கிற அதே பொறுமையோடு.

புதன்கிழமை அவள் கடையைத் திறக்கவில்லை. தம்பி பிற்பகலில் ஒரு தடவை பேசினான். குழுவிலிருந்து ஒருவர்கூட வெளியேறவில்லை, ஆனால் யாரும் பதில் போடுவதுமில்லை என்றான். கடைசியாக, "நீ எங்கயாவது கிளம்பிப் போயிடு அக்கா," என்றான். போகலாம்தான். போக வேண்டுமென்றால் அந்தப் படியில்தான் இறங்க வேண்டும். புதன்கிழமை அவளால் முதல் படியில் ஒரு காலை வைக்க முடிந்தது. இரும்பு வெயிலில் காய்ந்து சுட்டது. கீழே ஒரு பெண், வாடிக்கைக்காரிதான், நின்று போனை உயர்த்திப் படியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவள் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கணவர் பள்ளிக்குப் போகவில்லை.

"லீவு போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

அவர் கண்ணாடி முன் போய் நின்றார். சவரம் செய்துகொண்டார். நல்ல சட்டை போட்டுக்கொண்டார். சோப்பு வாசனையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். மேசையில் இருவருக்கும் நடுவே அவருடைய போன் மல்லாந்து கிடந்தது. அவர் குளியலறைக்குப் போன ஒரு நிமிடத்தில் அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது.

யார் பக்கத்தில் இருந்தார்? கணவர்.

நான்கு மணிக்குக் கீழே செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. பேச்சுக் குரல் இல்லை. அழுகை இல்லை. துணி உரசும் சத்தமும் ஒன்றிரண்டு இருமலும் மட்டும். அவள் ஜன்னலுக்குப் போனாள்.

தெரு நிறைந்திருந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். குழுவில் இருந்தவர்கள். கண்டக்டர் இருந்தார். அந்த எழுத்தர் இருந்தார். கால் முறிந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் அம்மா இருந்தாள். யார் முகத்திலும் துக்கம் இல்லை. வர வேண்டிய பஸ் வராததைப் போன்ற ஒரு சலிப்பு. கோபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சலிப்பு.

ஓரமாகத் தம்பி நின்றான்.

"டேய், மேல வாடா," என்று கத்தினாள்.

அவன் மணி பார்த்தான்.

அவள் பின்வாங்கினாள். முதுகு எதிலோ இடித்தது. கணவர்.

"வா," என்றார். "எல்லாரும் காத்துட்டிருக்காங்க. கீழ போலாம்."

"நான் வரல."

"படி வரைக்கும் வா. நான் பிடிச்சுக்கறேன்."

குரலில் அன்பு இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கதவு திறந்தது. வெளிச்சம். சுட்ட இரும்பின் வாசனை. அவள் நிலைச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அவசரப்படவில்லை. ஒரு கையில் போன். மறு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல். மோதிரவிரல். வலிக்காமல். நடுவிரல்.

அவள் கீழே பார்த்தாள்.

அவ்வளவு கூட்டத்தில் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் படியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோள் இடிக்க, மூச்சு விட இடமில்லாமல் நெருக்கியடித்து நின்ற அந்தக் கூட்டம், படி முடியும் இடத்தில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குத் தரையைக் காலியாக விட்டிருந்தது.